பொம்மையைப் பிடுங்கிப் பென்சிலைத் திணிப்பவர்களுக்கு

"பாலர் பள்ளிக்கு அனுப்புவது படிப்பதற்கு. பொம்மை விளையாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்." மலேசியாவின் கேரி தீவில் உள்ள செம்பனைத் தோட்டங்களில் தொடங்கி கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகள்வரை இந்தக் கருத்தை மறுத்துப் பேசுகிறவர்களைக் காண்பது அரிது. பெற்றோர் சொல்கிறார்கள். பெற்றோர் சொல்வதால் ஆசிரியர்களும் தலையாட்டுகிறார்கள். உதவ வரும் சங்கத்தாரும் பயிற்றுநூல்களைத்தான் கட்டுக்கட்டாக வாங்கித் தருகிறார்கள். பொம்மைகள் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. ஐந்து வயதுப் பிள்ளை புள்ளிக்கோட்டின்மேல் 'அ' எழுதிக்கொண்டிருக்கிறது. இந்த முடிவு தவறு என்பதோடு நிற்காமல், இது யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைகளுக்கே அதிகக் கேடு செய்கிறது என்றும் சொல்கிறேன்.

மறுக்கப்போகும் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்து வைப்பதுதான் முறை. தோட்டப் பிள்ளை பின்தங்கிய இடத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அப்பா விடியுமுன்னே குலை வெட்டப் போய்விடுகிறார். அம்மாவுக்கு பந்திங்கிலோ கிள்ளானிலோ தொழிற்சாலை வேலை. வீட்டில் கதைப் புத்தகம் இல்லை. வாசித்துக் காட்ட ஆளும் இல்லை. முதலாம் ஆண்டில் காலெடுத்து வைத்ததும் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் வரிசையாக வந்து நிற்கும். நகரத்துப் பிள்ளை அதற்குள் வாசிக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே கையில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில் ஒரு மணி நேரத்தைக்கூடப் பொம்மைக்குச் சோறூட்டுவதில் செலவழிக்க நம் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. வசதி உள்ளவர்கள் விளையாடட்டும்.

இப்படிச் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பள்ளிக்கூடம் ஒன்றின் வழியாகத்தான் தோட்டத்து லயத்தை விட்டு வெளியேற முடியும் என்று கண்ணால் கண்டவர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. அதன்பின் கொட்டகையிலும் கோயில் ஓரத்திலும் நடந்த வகுப்புகளில் எழுத்துக் கற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எழுத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். எழுத்து எப்படி வருகிறது என்பதில்தான் பிழை செய்கிறார்கள்.

1. எழுத்து எங்கிருந்து தொடங்குகிறது? பென்சில் பிடிக்கும் விரலிலிருந்து என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கரும்பலகையில் இருக்கும் கோட்டுக்கும் வாயில் பிறக்கும் ஒலிக்கும் இயற்கையில் எந்த உறவும் கிடையாது. இந்தக் கோடு அந்த ஒலிக்குப் பதிலாக நிற்கிறது என்று மனம் ஒப்புக்கொண்டால்தான் வாசிப்பு. பிள்ளை அந்த ஒப்புதலை முதலில் பழகுவது சிரட்டை சட்டியாகும்போது, மணல் சோறாகும்போது, சுருட்டிய பழந்துணி தம்பிப் பாப்பாவாகும்போது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி எழுத்து மொழியின் முன்வரலாற்றைத் தேடிப் போனபோது சைகை, பாவனை விளையாட்டு, படம் வரைதல், எழுத்து ஆகிய நான்கையும் ஒரே பாதையின் கட்டங்களாகத்தான் கண்டார். குச்சியில் ஏறிக் குதிரை ஓட்டும் பிள்ளைக்கு அது குச்சிதான் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே குதிரை என்ற எண்ணத்தை உண்மைக் குதிரையிலிருந்து கழற்றிக் குச்சியில் மாட்டுகிறது. நாளை 'கு' என்ற எழுத்தில் மாட்டப்போவதும் அதே எண்ணத்தைத்தான்.

இந்த ஆற்றலை நாம் பெரியவர்களான பின்னும் கைவிடுவதில்லை. மஞ்சளைப் பிசைந்து பிடித்து, அறுகம்புல்லைச் செருகி, பிள்ளையார் என்று கைகூப்புகிறோம். கேரி தீவிலேயே நமக்குப் பக்கத்தில் வாழும் மா மெரி மக்கள் நிரே பத்து மரத்தில் மூதாதையரின் முகங்களைச் செதுக்குகிறார்கள். ஹரி மோயாங் திருநாளில் முகமூடி அணிந்து ஆடுகிறார்கள். வழிபாட்டையும் பிள்ளை விளையாட்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஒரு மரத்துண்டு இன்னொருவராக நிற்க முடியும் என்று ஏற்கும் மனம் இல்லாவிட்டால் வழிபாடும் இல்லை, எழுத்தும் இல்லை, இடைநிலைப் பள்ளியில் வரப்போகும் இயற்கணிதமும் இல்லை. அந்த மனம் வளரும் வயதில் அதைப் புள்ளிக்கோட்டில் பூட்டி வைத்துவிட்டு, பிறகு பிள்ளை 'எழுதுகிறது, ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தெரியவில்லை' என்று வருந்திப் பயனில்லை.

2. அடக்கம் வேண்டுமாம். "உட்காரப் பழகாத பிள்ளை எப்படிப் படிக்கும்?" என்கிறார்கள். பொம்மை விளையாட்டைப் பத்து நிமிடம் உன்னிப்பாகப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். மருத்துவர் வேடம் போட்ட பிள்ளை அழக்கூடாது. வரிசையில் நிற்கும் 'நோயாளி' முண்டியடிக்கக் கூடாது. அம்மா வேடம் போட்டவள், பசித்தாலும், பாப்பாவுக்கு ஊட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். யாரும் பிரம்பெடுக்காமலே அத்தனை விதிகளும் காக்கப்படுகின்றன. மீறினால் 'அம்மா அப்படிச் செய்யமாட்டாங்க' என்று கூட்டாளியே திருத்துகிறாள். ஐந்தும் ஏழும் வயதான அக்காளும் தங்கையும் 'அக்கா தங்கை விளையாட்டு' விளையாடிய நிகழ்ச்சியை ஜேம்ஸ் சல்லி என்ற ஆங்கில உளவியலாளர் பதிந்து வைத்தார். வைகாட்ஸ்கி அதை எடுத்துப் பேசினார். வீட்டில் அவர்கள் இருவரும் எண்ணிப் பார்க்காமலே அக்காள் தங்கைதான். விளையாட்டில் மட்டும், அக்காள் என்பவள் எப்படி நடப்பாள் என்று யோசித்து நடக்கிறார்கள். ஒழுங்கு வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்து வரும் இடம் அதுதான்.

2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கும் ஆறும் வயதான 180 பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்துப் பத்து நிமிடம் செய்யச் சொன்னார்கள். சலித்தால் இடையிலே போய் விளையாட, பக்கத்திலேயே கவர்ச்சியான கணினி விளையாட்டையும் வைத்தார்கள். தங்களைப் பேட்மேனாகவோ டோராவாகவோ பாவித்துக்கொண்டு வேலை செய்த பிள்ளைகள்தாம் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நிலைத்தார்கள். வேடம் பிள்ளையின் கவனத்தைச் சிதறடிக்கவில்லை. பிடித்து நிறுத்தியிருக்கிறது.

3. மொழிக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே மொழி புழங்கும் இடத்தை மூடுகிறார்கள். பயிற்றுநூல் வகுப்பில் ஒரு பிள்ளை வாய்திறந்து என்ன பேசுகிறது? 'ஆமா டீச்சர்', 'முடிஞ்சிருச்சு டீச்சர்', 'அழிப்பான் இல்ல டீச்சர்.' இப்போது இரண்டு பிள்ளைகளிடம் ஒரு பொம்மையையும் காலி மருந்துப் பெட்டியையும் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். பேச்சு இப்படிப் போகும் ('மிஸ்ஸி' என்பது கிளினிக் தாதி): "பாப்பாக்குக் காய்ச்சலாம். அம்மா வேலையிலேருந்து இன்னும் வரலையாம். மிஸ்ஸி, ஊசி போடாதீங்க, மருந்து மட்டும் குடுங்க. ஊசியப் பாத்தா அவ பயந்துருவா."

இந்த நான்கு வரிக்குள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். கண்முன் இல்லாத அம்மா இருக்கிறாள். இன்னும் நடக்காத ஒன்று இருக்கிறது. அதைத் தவிர்க்கச் சொல்லும் வேண்டுகோளும் அதற்கான காரணமும் இருக்கின்றன. பெரியவரிடம் பேசும் மரியாதை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் அல்லாத இன்னொருவரின் அச்சம் சொல்லப்பட்டிருக்கிறது. முதலாம் ஆண்டு வாசிப்புப் பகுதி எதிர்பார்க்கும் மொழி இதுதான்: இங்கே இல்லாத ஆளைப் பற்றி, இப்போது நடக்காத செயலைப் பற்றி, ஏன், எதற்கு என்று தொடுத்துச் சொல்வது. எழுத்துக் கூட்டத் தெரிந்தும் இந்த மொழி வாய்க்காத பிள்ளை, கதையின் ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்துவிட்டுக் கதையைத் தவறவிடும்.

மூன்று மொழிப் பயமும் இங்கேதான் தெளிகிறது. அரசாங்க கிளினிக் விளையாட்டு வந்தால் மிஸ்ஸியாக இருப்பவள் மலாயில் பெயர் கூப்பிடுவாள். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக் கடை போட்டால் விலை மலாயில் போகும். ஆங்கில டீச்சராக ஒருத்தி எழுந்து நிற்பாள். அம்மாவும் பாட்டியும் தமிழில் பேசுவார்கள். எந்த மொழி எங்கே, யாரிடம், எந்தத் தொனியில் என்பதை ஒரு பயிற்றுநூலும் சொல்லித் தருவதில்லை. தீவுப் பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டு உள்ளே வாங்கி, வெளியே எடுத்துப் பழகிப் பார்க்கும் களம் விளையாட்டு ஒன்றுதான். 'நம் பிள்ளைக்குத் தமிழ் வராமல் போய்விடுமோ' என்று கவலைப்படும் அதே பெற்றோர், பிள்ளை நீளமாகத் தமிழ் பேசும் ஒரே நேரத்தை வெட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

4. "பையனுக்கு எதற்குப் பொம்மை?" பாப்பாவைத் தூக்கித் தூங்க வைக்கும் ஐந்து வயதுப் பையனைக் கண்டு சிரிப்பவர்கள், அவன் முப்பது வயதில் தன் பிள்ளையைத் தூக்கத் தயங்கினால் யாரைக் குறை சொல்வார்கள்? 2020-இல் வெளிவந்த கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில் நான்கு முதல் எட்டு வயதுவரையான 33 பிள்ளைகள் விளையாடும்போது அவர்களின் மூளை இயக்கத்தைப் பதிவு செய்தார்கள். பிறரின் எண்ணத்தையும் உணர்வையும் உணரும்போது வேலை செய்யும் பகுதி, பிள்ளை தனியே பொம்மையோடு விளையாடும்போதும் இயங்கியது. தனியே கைக்கணினியில் விளையாடியபோது அந்த அளவு இயங்கவில்லை. ஆண், பெண் வேறுபாடு இதில் தெரியவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி பொம்மையை விற்கும் மட்டெல் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 33 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதவும் முடியாது. என் வாதத்துக்கு அந்த ஆய்வு தூண் அல்ல. ஆனால் 'பொம்மை பெண்பிள்ளையின் சமாச்சாரம்' என்பவர்களிடம் அந்த அளவு சான்றுகூட இல்லை.

5. விளையாட்டில் எதுவுமே கற்பதில்லை என்பவர்கள் கிளார்க் தம்பதியருக்குப் பதில் சொல்லட்டும். கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940-களில் அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகள்முன் நிறம் மட்டும் வேறான பொம்மைகளை வைத்தார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் எழுத்தும் இடம்பெற்றது. மூன்று வயதிலிருந்தே பிள்ளைகள் ஊரின் தராசை உள்ளே வாங்கிவிடுகிறார்கள் என்பதைப் பொம்மைகள் காட்டிக்கொடுத்தன.

நம் வீட்டுக்கு வருவோம். கிள்ளான் கடைகளில் தொங்கும் பொம்மைகளில் நம் பிள்ளையின் நிறத்தில் எத்தனை? 'வெயில்ல நிக்காத, கறுத்துப்போயிருவ' என்று பாட்டி சொல்வதைப் பிள்ளை பொம்மையிடம் அப்படியே திருப்பிச் சொல்லும். தண்ணி போட்டுவிட்டு வரும் அப்பாவையும் பொம்மை வீட்டில் பார்க்கலாம். பொம்மையைப் போட்டு அடிக்கும் பிள்ளையைக் கண்டு 'பார், கெட்டதைக் கற்கிறது' என்று பிடுங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை எங்கோ பார்த்ததை நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்க ஓர் ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும். விளையாட்டுக்கு இவ்வளவு கனம் இருப்பதால்தான் அது வகுப்பறைக்குள் நடக்க வேண்டும், பார்க்கத் தெரிந்த கண்முன் நடக்க வேண்டும் என்கிறேன்.

6. "ஆய்வுகள் உறுதியாகச் சொல்கின்றனவா?" இது எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஏஞ்சலின் லில்லார்டும் அவருடைய குழுவினரும் 2013-இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பாவனை விளையாட்டுத்தான் அறிவையும் மொழியையும் சுயக் கட்டுப்பாட்டையும் வளர்க்கும் தனிப்பெரும் காரணம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். பல வழிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம், அல்லது வேறெதனுடனோ சேர்ந்து வரும் உடன்விளைவாகவும் இருக்கலாம் என்றார்கள். விளையாட்டின் பக்கம் நிற்பவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோவது நேர்மையாகாது. பொம்மை பிடித்தால் மேதையாகலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும்.

ஆனால் அதே ஆய்வர்கள் அதே கட்டுரையில், சிறு பிள்ளைகளின் வளர்ச்சிக்குத் தெரிந்தவரையில் மிக நல்ல வழி, பிள்ளையே முன்னெடுத்துக் கையால் செய்து பழகும் விளையாட்டுக் கல்விதான் என்றும் எழுதினார்கள். ஆசிரியர் முன்னால் நின்று திணிப்பதற்கு அவர்கள் சான்றிதழ் தரவில்லை. ஆகவே ஆதாரம் கேட்கும் உரிமை எனக்கும் உண்டு: ஐந்து வயதில் பயிற்றுநூல் நிரப்பிய ஏழைப் பிள்ளை பின்னாளில் முந்தியது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் மிச்சிகனில் 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 68 ஏழைப் பிள்ளைகளை மூன்று வகை வகுப்புகளில் சேர்த்தார்கள். ஒன்றில் ஆசிரியர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லும் நேரடிப் பாடம். மற்ற இரண்டிலும் பிள்ளையின் விளையாட்டுக்கும் திட்டத்துக்கும் இடம். முதலில் மூன்று குழுவினரின் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் ஒரே மாதிரி ஏறியது. 23 வயதில் பார்த்தபோது, நேரடிப் பாடம் பெற்றவர்களில் கடும் குற்றங்களுக்காகக் கைதானவர்களும், பள்ளிக் காலத்தில் மனச் சிக்கலுக்காக உதவி தேவைப்பட்டவர்களும் கூடுதலாக இருந்தார்கள். 68 என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து ஆணையிட மாட்டேன். ஆனால் 'முந்திப் பிடித்துவிடலாம்' என்ற உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்க அது போதும்.

7. "வீட்டில் விளையாடட்டும்" என்கிறீர்களே, எந்த வீட்டில்? யாரோடு? ஒரு காலத்தில் ஆயாக் கொட்டகையில் கைப்பிள்ளை முதல் ஆறு வயதுவரை ஒன்றாகக் கிடந்தார்கள். லயத்து வாசலில் கூட்டாஞ்சோறும் கல்யாண விளையாட்டும் தண்டல் பேர் கூப்பிடும் விளையாட்டும் நடந்தன. மூத்தவர்கள் ஆட, இளையவர்கள் பார்த்துக் கற்றார்கள். அந்த வாசலுக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. இன்று தோட்டங்களில் பெரும்பாலான வேலை இந்தோனேசிய, வங்காளதேச, நேபாளத் தொழிலாளர் கைக்கு மாறிவிட்டது. குடும்பத்தோடு தங்கியிருக்கும் தமிழர் வீடுகள் குறைந்துவிட்டன. ஒரு வரிசை வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றோ இரண்டோ இருக்கும். வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் கையில் இருப்பது கைப்பேசி. பிள்ளை கைக்கும் அதுதான் போகிறது. நகரத்து அடுக்குமாடியிலும் இதே கதை. ஒத்த வயதுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரே கூரையின்கீழ் ஒரே மொழியில் கூடும் இடம் பாலர் பள்ளி மட்டும்தான். அங்கேயும் ஆளுக்கொரு பயிற்றுநூலைக் கொடுத்துத் தனித்தனியே குனிய வைத்தால், அந்தப் பிள்ளைக்கு விளையாட வேறு இடமே இல்லை.

ஆக, யார் கேட்டு இந்தப் பயிற்றுநூல்கள்? அரசாங்கம் கேட்கவில்லை. 2010-இல் அறிமுகமாகி 2017-இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டின் வழிக் கற்றலை வெளிப்படையாக வலியுறுத்தியது. தேர்வும் கேட்கவில்லை: முதல் மூன்று ஆண்டுகளுக்கான பள்ளித் தேர்வுகள் 2019-லிருந்து இல்லை, ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டது, அதன் பயத்தை மட்டும் நாம் பிடித்து வைத்துக்கொண்டு ஐந்து வயதுவரை இறக்கிவிட்டோம். பாலர் பள்ளிகள் 'ஆறு மாதத்தில் வாசிக்க வைப்போம்' என்று பதாகை கட்டுவது பெற்றோரின் பயத்தை நம்பித்தான். பதாகை கட்டாத பள்ளி பிள்ளைகளை இழக்கிறது. ஆகவே நல்ல ஆசிரியரும் தனக்குத் தெரிந்ததற்கு எதிராக நடக்கிறார்.

8. கடைசியாக ஒன்று: "விளையாடவிட்டால் ஆசிரியருக்கு என்ன வேலை? சம்பளம் எதற்கு?" இங்கேதான் வேலை அதிகம். சாரா ஸ்மிலான்ஸ்கி இஸ்ரேலில் வறிய குடியேறிகளின் பிள்ளைகளோடு நடத்திய ஆய்வை 1968-இல் வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் கூடி நடிக்கும் விளையாட்டில் பின்தங்கியிருந்ததைக் கண்டு, பெரியவர்கள் உள்ளே இறங்கிக் கைகொடுத்தபோது அவர்களின் விளையாட்டு வளமானது என்று காட்டினார். ஏழைப் பிள்ளையிடமிருந்து விளையாட்டை எடுத்துவிடு என்ற முடிவுக்கு அவர் வரவில்லை; அதைக் கூடுதலாகக் கொடு என்ற முடிவுக்கு வந்தார்.

கேரி தீவின் பாலர் பள்ளியில் அது இப்படி நடக்கலாம். காலையில் ஒரு மணி நேரம் பயிற்றுநூல் மூடியிருக்கும். மேல்தட்டில் இருக்கும் பொம்மைகள் தரைக்கு வரும். கூடவே பழைய சட்டி, துணித்துண்டு, காலி மருந்துப் பெட்டி, சிரட்டை. கிளினிக் நடந்தால் ஆசிரியர் நோயாளியாகப் போய் வரிசையில் நிற்பார். வயிற்றுவலி எப்படிப்பட்டது என்று பிள்ளை கேட்க, விளக்கமாகச் சொல்வார். மருந்துச் சீட்டு வேண்டும் என்பார். எழுதத் தெரியாத பிள்ளை ஏதோ கிறுக்கி நீட்டும். அதை வாங்கிப் படிப்பார். கடை நடந்தால் பெயர்ப்பலகை இல்லையே என்பார். அடுத்த நாள் இட்லிக் கடைக்குப் பலகை எழுத 'இ' எப்படிப் போடுவது என்று பிள்ளையே வந்து கேட்கும். அப்போது சொல்லித் தருவார். எந்தக் கூட்டத்திலும் சேராமல் சுவரோரம் நிற்கும் பிள்ளையிடம், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க ஆள் இல்லை, நீ வருகிறாயா என்று கேட்பார். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பயிற்றுநூல் எத்தனை பக்கம் முடிந்தது என்று விசாரிப்பதற்கு முன், இந்த ஒரு மணி நேரம் அட்டவணையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.